ஆலை பூட்டியாச்சு, இனி என்ன? காகித ஆலைத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரள-தமிழ்நாடு எல்லையில், ஆரியங்காவுப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பிளாஸ்டிக் பையில் பழைய காகிதக் கட்டோடு யாராவது வந்து நிற்பார்கள். செங்கோட்டை, புளியரை, தென்மலை, புனலூர் என்று எல்லையின் இரண்டு பக்கமும் வீடுள்ள தமிழர்கள். காகித ஆலையிலோ கூழ் ஆலையிலோ அட்டை ஆலையிலோ வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைத்துவிட்டேன்.

நான் வக்கீல் இல்லை. என் அப்பா ஒரு சின்ன கிராஃப்ட் (பழுப்புக் காகித) ஆலையில் 19 வருஷம் பாய்லர் பார்த்தவர். அந்த ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். அவருக்காக மனு எழுதி எழுதித்தான் எனக்கு இது பழகியது.

காகித ஆலைகள் ஏன் மூடுகின்றன? எல்லாரும் செல்போன் பார்ப்பதாலா?

பாதி சரி. செய்தித்தாள் அச்சடிக்கும் காகிதத்துக்கு, அதாவது நியூஸ்பிரிண்டுக்கு, அது முழுக்கப் பொருந்தும். வெளிநாடுகளில் 15, 20 வருஷமாகவே அந்தச் சரிவு நடக்கிறது, மற்ற வகைக் காகித ஆலைகளும் மூடுகின்றன. பின்லாந்தின் கைப்போலா ஆலை 2020 கடைசியில் மூடியது. அமெரிக்காவில் விஸ்கான்சின் ரேப்பிட்ஸ் ஊரின் பெரிய ஆலையும் அதே வருஷம் நின்றது. வட கரோலினாவில் கேன்டன் என்ற ஊரில் 1908 முதல் ஓடிய ஆலை 2023இல் மூடியபோது ஏறத்தாழ 1,100 பேருக்கு வேலை போனது. ஆலையை நம்பி உருவான ஊர்கள் இவை. ஆலை நின்றால் டீக்கடையும் நிற்கும்.

ஆனால் இந்தியாவில் மொத்தக் காகிதப் பயன்பாடு குறையவில்லை, கூடிக்கொண்டுதான் வருகிறது. ஆன்லைனில் செருப்பு வாங்கினாலும் அட்டைப்பெட்டியில்தானே வருகிறது. அப்படியிருந்தும் ஆலைகள் மூடுகின்றன என்றால் காரணம் வேறு இடத்திலும் இருக்கிறது.

முதலாவது மூலப்பொருள். நம் பக்கத்து ஆலைகள் பெரும்பாலும் மலையிலிருந்து மூங்கிலும் ஈற்றை என்ற நாணல் மூங்கிலும் மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. கோழிக்கோடு மாவூரில் இருந்த கூழ் ஆலைக்கு ஆரம்பத்தில் ஒரு டன் மூங்கில் ஒரு ரூபாய் என்று அரசு ஒப்பந்தமே போட்டுக் கொடுத்தது. எழுத்துப்பிழை இல்லை, ஒரு டன்னுக்கு ஒரு ரூபாய். கூடை பின்னுகிறவருக்கு அதே மூங்கில் அந்த விலைக்குக் கிடைக்காது. காடு அப்படியே எத்தனை நாள் தரும்? மூங்கில் குறைந்ததும் யூகலிப்டஸ், அப்புறம் சவுக்கு, அப்புறம் கழிவுக் காகிதம் என்று மாறவேண்டி வந்தது. மாறுவதற்கு மெஷினை மாற்றவேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இதற்கு மாறாக, கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை 1984இல் உற்பத்தி தொடங்கியபோதே கரும்புச் சக்கையை நம்பித்தான் கட்டப்பட்டது. இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது இறக்குமதி. ஆசியான் நாடுகளோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தபின் இந்தோனேசியக் காகிதம் வரிச்சுமை இல்லாமல் உள்ளே வந்தது. நியூஸ்பிரிண்டுக்கு 2019 பட்ஜெட்டில் 10 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் சத்தம் போட்டதும் 2020இல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த இழுபறியில் உள்நாட்டு ஆலை எதை நம்பி முதல் போடும்?

மூன்றாவது தண்ணீர். காகிதம் செய்யத் தண்ணீர் குடம் குடமாக வேண்டும். கூழ் வேகவைத்து மிஞ்சுகிற கறுப்புத் திரவத்தைச் சுண்டவைத்து எரித்து, அதிலிருக்கும் ரசாயனத்தைத் திரும்ப எடுக்கவேண்டும். அதற்கான வசதி போடப் பெரிய ஆலையால்தான் முடியும். சின்ன ஆலை ராத்திரியில் ஓடையில் திறந்துவிடும், மீன் செத்து மிதக்கும், ஊர் எழுந்து நிற்கும். அதில் ஊர்மேல் தப்பே இல்லை என்பது என் கருத்து. மாவூர் ஆலைக் கழிவு கெடுத்த சாலியாற்றுக்காகப் போராடிய வாழக்காடு ஊர்க்காரர் கே.ஏ. ரஹ்மான் 1999இல் புற்றுநோயில் இறந்தார். ஆலை 2001இல் மூடியது. வேலை போனவர்களும் ஆற்றோரத்தில் நோய்ப்பட்டவர்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள்தான்.

நம் பக்கத்தில் எவையெல்லாம் மூடின?

புனலூர் காகித ஆலையைத்தான் முதலில் சொல்லவேண்டும். 1880களில் தொடங்கிய ஆலை, கல்லடை ஆற்றுத் தண்ணீரையும் மலை மூங்கிலையும் நம்பி நூறு வருஷம் ஓடியது. செங்கோட்டை ரயிலில் ஏறிவந்து அங்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. 1987இல் நின்றது. மறுபடி திறந்தது 2015இல். இடையில் 28 வருஷம். 1987இல் 30 வயதானவர் 2015இல் ஓய்வு வயதைத் தொட்டுவிட்டார்.

கோட்டயம் வெள்ளூரில் இருந்த இந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் ஆலை 1982இல் உற்பத்தி தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். வருஷம் ஒரு லட்சம் டன் திறன். திவால் நடவடிக்கைக்குப் போய், கேரள அரசு எடுத்து, கேரளா பேப்பர் புராடக்ட்ஸ் என்ற பெயரில் 2022இல் மறுபடி ஓட்டியது. இந்துஸ்தான் நியூஸ்பிரிண்டின் பழைய தாய் நிறுவனத்தின் அசாம் ஆலைகள் இரண்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கச்சார் ஆலை 2015இலும் நகாவ் ஆலை 2017இலும் நின்றன, சம்பளமும் நின்றது. அசாம் அரசு 570 கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்புக்கு ஒத்துக்கொண்டது 2021இல்தான்.

தெலுங்குப் பக்கம் சிர்பூர் ஆலை. அந்த ஊருக்குப் பெயரே காகஸ்நகர், காகித நகரம். 2014இல் நின்று, ஜே.கே. பேப்பர் வாங்கியபின் 2018இல் திறந்தது.

ஆலை 'பூட்டிக் கிடக்கிறது'. அப்படியென்றால் மூடிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கத்தில் இதை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

சட்டப்படி மூடுவது வேறு, சும்மா பூட்டுவது வேறு. சட்டப்படி மூடினால் இழப்பீடு, கிராஜுவிட்டி (பணிக்கொடை), நோட்டீஸ் சம்பளம் என்று முதலாளி கணக்கு முடிக்கவேண்டும். பூட்டிப்போட்டால்? நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள், வேலைதான் இல்லை. சம்பளம் வராது, கணக்கும் முடியாது. கேட்டால் 'சீக்கிரம் திறந்துவிடுவோம்' என்பார்கள்.

என் அப்பாவின் ஆலை கேட்டில் ஒட்டிய நோட்டீஸ் நாலு வரி. 'மூலப்பொருள் தட்டுப்பாட்டால் உற்பத்தி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது' என்று மலையாளத்தில் டைப் அடித்திருந்தது. கீழே கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. முதல் மாதம் முழுக்க அம்மா வழக்கம்போலத் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா ஏழு மணிக்குப் போய் கேட்டுக்கு எதிரே ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். இரண்டாவது மாதம் சோறு கட்டுவது நின்றது, போவது நிற்கவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி லாரி வந்து மோட்டார்களை ஏற்றிக்கொண்டு போனது. வாட்ச்மேன் காலையில் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகும் சங்கம் கேட்ட ஒவ்வொரு தடவையும் பதில் 'தற்காலிகம்'தான். அந்த ஒரு வார்த்தையால் அப்பாவின் கிராஜுவிட்டி ஆறு வருஷம் தள்ளிப்போனது.

ஆகவே நோட்டீஸ் ஒட்டினார்கள் என்றால் உடனே போனில் படம் எடுங்கள், கேட்டும் பெயர்ப் பலகையும் சேர்ந்து தெரிகிற மாதிரி. அதில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். லே-ஆஃப் (வேலை தரமுடியாமல் தற்காலிகமாக நிறுத்திவைப்பது), லாக்-அவுட் (கதவடைப்பு), உற்பத்தி நிறுத்தம், மூடல் எல்லாம் வேறு வேறு. லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளம் உண்டு. மூடல் என்றால் இழப்பீடு உண்டு. வெறும் 'நிறுத்தம்' என்றால், அது எந்த வகை என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபால் போடுங்கள், லேபர் ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பதில் வராது. ஆனால் கேட்டதற்கு அத்தாட்சி வந்துவிடும்.

மூடுவதற்கு அரசு அனுமதி வேண்டுமா?

பெரிய ஆலை என்றால் வேண்டும். பழைய தொழில் தகராறுச் சட்டம் 1947இன்படி 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையை மூட 90 நாள் முன்பே அரசிடம் அனுமதி கேட்கவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் அந்த 100 என்பது 300 ஆகிவிட்டது. சின்ன, நடுத்தர ஆலைகள் பலவும் அனுமதி வளையத்திலிருந்து வெளியே போய்விட்டன. தொழிலாளிக்கு இது நஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அனுமதி கேட்டு 60 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கணக்கு. எனவே சங்கம் தூங்கக்கூடாது. அனுமதி வாங்கவேண்டிய ஆலை வாங்காமல் மூடினால் அந்த மூடல் செல்லாது, ஆலை திறந்திருந்ததுபோலவே சம்பளம் உள்ளிட்ட எல்லாப் பலனையும் கேட்கலாம். பழைய மூடல் என்றால் அது நடந்த தேதியில் எந்தச் சட்டம் இருந்ததோ அதை வைத்துத்தான் பேசவேண்டும்.

லே-ஆஃப் என்றால் வீட்டில் இருந்தாலே பாதிச் சம்பளம் வருமா அண்ணாச்சி?

வீட்டில் இருந்தால் வராது. ஒரு வருஷம் சர்வீஸ் முடித்து, பெயர் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) இருக்கவேண்டும். அப்போது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்ததில் பாதி. ஆனால் ஆலை நேரத்தில் நாளுக்கு ஒருமுறையாவது போய் ஆஜர் கொடுக்கவேண்டும். இதைத் தெரியாமல் ஊருக்குப் போய்ப் பிசான நெல் அறுப்பு முடித்து வந்தவர்கள் அந்த நாட்களுக்கான காசை இழந்திருக்கிறார்கள்.

மூடினால் மொத்தம் எவ்வளவு கிடைக்கும்?

கணக்குப் போட்டே காட்டுகிறேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 18,200 ரூபாய், சர்வீஸ் 24 வருஷம் என்று வையுங்கள். கிராஜுவிட்டிக்கு 18,200ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 700. அதை 15ஆல் பெருக்கினால் 10,500. அதை 24ஆல் பெருக்கினால் 2,52,000. கடைசி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு வருஷமாகச் சேரும். பொதுவாக ஐந்து வருஷச் சர்வீஸ் வேண்டும், இறந்துபோனவருக்கு அந்த நிபந்தனை இல்லை. 30 நாளில் தரவேண்டும், தாமதித்தால் வட்டி.

மூடல் இழப்பீடு தனி. அதுவும் வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், கிட்டத்தட்ட இதே அளவுக்கு இன்னொரு தொகை. 'கிராஜுவிட்டி கொடுத்துவிட்டோமே, அதற்குள்தான் எல்லாம்' என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல.

சின்ன ஆலைக்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: 'எங்கள் கையை மீறிய காரணத்தால் மூடினோம், மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் இழப்பீடு கிடையாது.' அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மை. ஆனால் வெறும் நஷ்டமோ விற்காமல் தேங்கிய சரக்கோ கையை மீறிய காரணம் ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. காகிதம் விற்கவில்லை என்பது அந்த வகையில்தான் வரும்.

ராஜினாமா எழுதித் தந்தால் உடனே செட்டில்மென்ட் என்கிறார்கள். எழுதலாமா?

வேண்டாம். நீங்களே விலகினால் மூடல் இழப்பீடு போச்சு, ஈ.எஸ்.ஐ.யின் (தொழிலாளர் காப்பீட்டின்) வேலையிழப்பு உதவியும் போச்சு. விருப்ப ஓய்வுத் திட்டம் என்று முறையாக எழுத்தில் அறிவித்து, தொகையும் தேதியும் போட்டுத் தந்தால் மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். காகிதம் செய்கிற ஆலையில் வெற்றுக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை என்று ஒரு மாமா சொல்வார்.

நான் காண்ட்ராக்ட் ஆள். கேட்டுக்குள் 11 வருஷம் லோடு ஏற்றினேன். எனக்கு என்ன?

காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு ஆலை நிர்வாகமே பொறுப்பு. பி.எஃப்.பிலும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்டவேண்டும். கேட் பாஸ், ஈ.எஸ்.ஐ. அட்டை, காண்ட்ராக்டர் வங்கியில் போட்ட சம்பளப் பதிவு, எதுவாயிருந்தாலும் எடுத்து வையுங்கள். ஒரு அண்ணனிடம் இருந்தது பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனபோது எடுத்த குரூப் போட்டோ மட்டும். பின்னால் ஆலைப் பெயர்ப் பலகையும் சுவரில் காலண்டரும் தெரிந்தன. அதையும் மனுவோடு வைத்தோம்.

பி.எஃப். பணம் எடுக்கப் போனால் பெயர் சேரவில்லை என்று திருப்புகிறார்கள்.

எல்லைக்காரர்களின் தலைவலி இது, வேறெங்கும் இவ்வளவு கிடையாது.

ஒரு உதாரணம். மாடசாமி என்று ஒருவர். அப்பா பெயர் சுடலை. ஆலையில் சேர்ந்தபோது மலையாளி கிளார்க் ரெஜிஸ்டரில் 'மாடஸ்வாமி' என்று எழுதினார். இனிஷியல் கேட்டார், இவர் 'எஸ்' என்றார். வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டார், நமக்கேது வீட்டுப் பெயர், இவர் லயத்தின் (தொழிலாளர் வரிசைவீட்டின்) பெயரைச் சொன்னார். அது பெயரோடு சேர்ந்துவிட்டது. அதை இங்கிலீஷில் பி.எஃப்.புக்கு அனுப்பியபோது ஒரு எழுத்து மாறியது. பிறகு தென்காசிப் பக்கம் ஆதார் எடுத்தபோது 'சுடலை மாடசாமி'. பாங்கு பாஸ்புக்கில் வெறும் 'மாடசாமி'. நாலு காகிதத்தில் நாலு ஆள். பிறந்த தேதி இன்னும் மோசம். ஆலையில் சேரும்போது வயது கூட்டிச் சொன்னவர்கள் ஏராளம்.

பழைய ஆட்களுக்குத் திருத்தம் செய்யப் பொதுவாகத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி வேண்டும். ஆலை ஓடும்போதே இதைச் செய்தால் அரை மணி நேர வேலை. பூட்டியபிறகு கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? மூடிக்கிடக்கும் நிறுவனங்களின் ஆட்களுக்கு முதலாளிக்குப் பதிலாக பாங்கு மேனேஜர், கெஜட்டட் அதிகாரி போன்றவர்கள் சான்றொப்பமிடலாம் என்ற வழி இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். கவுண்டரில் முதல் தடவை 'முடியாது' என்றுதான் வரும்.

இன்றைக்கு ஓடும் ஆலையில் இருப்பவர்கள் இந்த வாரமே பி.எஃப். இணையதளத்தில் யூ.ஏ.என். என்ற உங்கள் உறுப்பினர் எண்ணைப் போட்டு நுழைந்து பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி மூன்றையும் பாருங்கள். கூடவே மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். ஆலை தள்ளாடுவது முதலில் தெரிவது அந்தப் பக்கத்தில்தான். சம்பளம் வந்துகொண்டே இருக்கும், பி.எஃப். மட்டும் மூன்று மாதம் வெற்றாக இருக்கும்.

பென்ஷன்?

பி.எஃப்.போடு சேர்ந்த 1995 பென்ஷன் திட்டப்படி பத்து வருஷம் சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. 50 வயதுக்குமேல் முன்னதாகவும் வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள், சம்பள உச்சவரம்பு 15,000. அந்த உச்சவரம்பு 2014 செப்டம்பருக்கு முன்பு 6,500 என்பதால் பழைய சர்வீஸ்காரர்களுக்குத் தொகை இறங்கும். குறைந்தபட்சம் 1,000 ரூபாய். இந்தக் காலத்தில் 1,000 ரூபாயில் என்ன வரும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த பாங்குக் கிளையிலும் வாங்கலாம். அதனால் புனலூரில் வேலை பார்த்துவிட்டுக் கடையநல்லூரில் இருப்பவர் அதற்காக மலை ஏறவேண்டியதில்லை.

ஈ.எஸ்.ஐ.யில் ஏதாவது உண்டா?

உண்டு, பலருக்குத் தெரிவதே இல்லை. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஆனவர்கள், ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தால் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் மனு போடலாம். முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம், அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும். இங்கேயும் பழைய கதைதான்: ஆலை 'மூடியது' என்று காட்டவேண்டும். 'தற்காலிக நிறுத்தம்' என்றால் கேள்வி கேட்பார்கள்.

திவால் கோர்ட்டுக்குப் போய்விட்டது என்கிறார்கள். நம் பணம் அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை, ஆனால் சும்மா இருந்தால் அவ்வளவுதான்.

2016 திவால் சட்டப்படி வழக்கு என்.சி.எல்.டி. என்ற தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்கே நியமிக்கப்படும் அதிகாரி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்பார். தொழிலாளிக்குப் படிவம் டி. எல்லாருக்கும் சேர்த்து சங்கமோ பிரதிநிதியோ போடுவதானால் படிவம் ஈ. இரண்டு பத்திரிகையில் விளம்பரம் வரும், ஒன்று இங்கிலீஷ், ஒன்று மலையாளம். தமிழ்ப் பத்திரிகை மட்டும் படிக்கிற நம் ஆட்களுக்கு அது கண்ணிலேயே படாது. கடைசித் தேதி தாண்டியபின் ஓடிவருவார்கள்.

ஆலையை விற்றுக் கலைக்கும் நிலை வந்தால், நடைமுறைச் செலவு போக, தொழிலாளியின் கடைசி 24 மாதப் பாக்கி, அடமானத்தை விட்டுக்கொடுத்து வரிசைக்கு வந்த பாங்குகளோடு சமமாக நிற்கும். அதற்கு முந்தைய பாக்கி கீழே போய்விடும். பத்து வருஷம் பூட்டிக் கிடந்த ஆலை என்றால் இந்த 24 மாதக் கணக்கு எப்படி அடிக்கும் என்று நீங்களே பாருங்கள். பூட்டிக் கிடப்பது மூடுவதைவிட மோசம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகள் மட்டும் இந்தப் பங்கீட்டுக்குள் வராது, அவை தொழிலாளிக்கே. ஆனால் கிராஜுவிட்டிக்கென்று தனி நிதியே ஒதுக்காத ஆலைகள் நிறைய.

ஆலை மறுபடி திறந்தால் பழைய வேலை கிடைக்குமா?

வெள்ளூரில் பழைய ஆட்களில் ஒரு பகுதியினர் ஒப்பந்த அடிப்படையில்தான் திரும்பினார்கள். பொதுவாகவே, திறக்கிறவர் புது முதலாளி, மெஷின் புதிது, ஆள் எண்ணிக்கை குறைவு. முன்பு துண்டு போடும் சிப்பர் மெஷினில் மூங்கில் போடவும் காகிதத்தை எண்ணி ரீம் கட்டவும் ஆள்கூட்டம் வேண்டியிருந்தது. இப்போது அதெல்லாம் கன்வேயரும் கத்தியும் பார்த்துக்கொள்ளும். திறப்பு விழாவுக்கு மாலையோடு போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய பாக்கியை விட்டுக்கொடுத்ததாக எழுதித் தந்துவிட்டு மட்டும் உள்ளே போகாதீர்கள்.

வீடு தமிழ்நாட்டில், ஆலை கேரளத்தில். மனு எங்கே போடுவது? தமிழில் எழுதலாமா?

ஆலை எங்கே இருக்கிறதோ அந்த மாநில லேபர் ஆபீஸ். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மத்திய அரசுடையவை.

மொழி பற்றி ஒரு நல்ல விஷயம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களின் அலுவலகங்களோடும் தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அப்படியே. எனவே லேபர் கமிஷனருக்குத் தமிழில் மனு போடலாம். நான் தமிழில் எழுதி, கூடவே ஒரு பக்கம் மலையாளச் சுருக்கம் வைப்பேன். உரிமை உரிமைதான், ஆனால் மேசையில் இருக்கிறவர் உடனே படித்தால் நமக்கு ஒரு மாதம் மிச்சம்.

பூட்டிக் கிடக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்குக் கேரள அரசு ஓணத்தை ஒட்டிக் கொடுக்கும் ஆனுகூல்யம் (உதவித்தொகை) ஒன்று இருக்கிறது. பெரிய தொகை இல்லை. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால், 'இவர் இந்த ஆலையின் தொழிலாளி' என்று சர்க்காரே ஒத்துக்கொண்ட காகிதம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்காகவாவது வாங்குங்கள்.

45 வயதாகிறது. இனி என்ன வேலை தருவார்கள்?

ஆலைக்குள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு எங்கேயும் வேலை உண்டு, ரைஸ் மில், சாய ஆலை, ஆஸ்பத்திரி கூட. கழிவுநீர் பிளான்ட் ஓட்டியவரைத் திருப்பூர்ப் பக்கம் கூப்பிடுகிறார்கள். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் சமாளித்துவிடுவார்கள். காகிதச் சுருள் சுற்றும் ரீவைண்டர் ஓட்டியவருக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனிகளில் இடம் கிடைக்கும்.

கஷ்டம் காகிதத்தை எண்ணிக் கட்டும் ஃபினிஷிங் பிரிவில் இருந்த அக்காமாருக்கு. விரலால் தொட்டே காகிதத்தின் கனம் சொல்வார்கள், ஒரு மூச்சில் 500 தாளை விசிறிமாதிரி விரித்து ஐந்தைந்தாக எண்ணுவார்கள். அதற்குச் சான்றிதழ் கிடையாது. பாதிப்பேர் முந்திரிக் கொட்டை உடைக்கப் போனார்கள், அந்தத் தொழிலும் கொல்லம் ஜில்லாவில் தள்ளாடுகிறது. சிலர் சிவகாசியில் நோட்டு பைண்டிங்குக்குப் போய்விட்டார்கள்.

புதிய சட்டத் தொகுப்பில் ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சி நிதி என்று 15 நாள் சம்பளம் உண்டு, 45 நாளில் கணக்கில் வரவேண்டும். 15 நாள் சம்பளத்தில் 45 வயதில் என்ன புதுத் தொழில் கற்பது என்று தெரியவில்லை. ஆனாலும் விடாதீர்கள், கேளுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். ஆலைக் காகிதம் எதுவும் இல்லை. நாங்கள் கேட்கலாமா?

கேட்கலாம். கிராஜுவிட்டி, பி.எஃப். இரண்டும் நாமினிக்கோ வாரிசுக்கோ வரும். பென்ஷன் தகுதி இருந்தால் அம்மாவுக்கு விதவைப் பென்ஷனும் உண்டு.

காகிதம் எதுவும் இல்லை என்று வருகிற எல்லாரிடமும் நான் சொல்வது, வீட்டில் இன்னொரு தடவை தேடுங்கள் என்றுதான். மச்சில் இருக்கும் தகரப்பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால், ரேஷன் கார்டு கவருக்குள், பழைய கூட்டுறவுக் கடன் பாஸ்புக். போன மாதம் புளியரையிலிருந்து ஒரு மதினி வந்தார். வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம், கையில் ஒன்றுமில்லை என்றார். மறுவாரம் வந்தபோது முந்தானையில் முடிந்து ஒரு பித்தளை டோக்கன் கொண்டுவந்தார், ஆலை முத்திரையும் 214 என்ற எண்ணும் அதில் இருந்தன. தொட்டில் கட்டுகிற கயிற்றில் வளையமாகக் கிடந்திருக்கிறது. அந்த எண்ணை வைத்துச் சங்கத்தின் பழைய சந்தா நோட்டில் பெயரைப் பிடித்தோம், அதிலிருந்து பி.எஃப். எண் கிடைத்தது. மனு போட்டாயிற்று. பெயரில் ஒரு எழுத்து சேரவில்லை என்று போன செவ்வாய்க்கிழமை திரும்பி வந்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை மறுபடி எழுதுகிறோம்.